பற்று ஒன்பதே கால் லட்சம்: நான் வாங்கிய பி.எஸ்ஸி. நர்சிங் பட்டத்துக்கு ஒரு மதிப்புரை

எங்கள் அப்பா ஆலங்குளம் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதுபவர். மில்லுக்குப் பேரேடு, வீட்டுக்கு ஒரு நீள நோட்டு. பால் பாக்கியிலிருந்து பாட்டியின் கருமாதிச் செலவுவரை எல்லாம் அதில் ஏறும். 2015 ஜூன் மாதம் புதுப் பக்கம் திருப்பி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, ‘தம்பி நர்சிங்’ என்று தலைப்பு எழுதினார். ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பக்கங்களை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். இந்த மதிப்புரை அதை வைத்துத்தான்.

நான் வாங்கிய பொருள்: தென் மாவட்டத்தில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரி, மேனேஜ்மென்ட் கோட்டா (அரசுக் கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் இடம்), 2015 முதல் 2019 வரை. கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. போர்டை மாற்றி மாட்டினால் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் இன்னும் பத்துக் கல்லூரிக்கு இது அப்படியே பொருந்தும்.

முதலில் வாங்கிய விதம். பிளஸ் டூவில் 1200-க்கு 871. டாக்டர் கனவெல்லாம் கிடையாது. ரிசல்ட் வந்த நாலாம் நாள் ஒரு புரோக்கர் பைக்கில் வந்து இறங்கினார். கையில் வழவழப்பான புத்தகம், அட்டையில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஸ்டெதாஸ்கோப்போடு சிரிக்கிறாள்.

“அண்ணாச்சி, நர்சுக்கு வேல இல்லன்னு எவனும் சொல்லிக் கேட்டிருக்கியளா? நாலு வருசம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும். தம்பி வெளிநாட்டுல இருந்து மாசம் ஒரு லட்சம் அனுப்புவான், நீங்க மில்லுக்குப் போவாண்டாம்.”

“பீசு?”

“வருசத்துக்கு எழுவத்தஞ்சுதான்.”

அம்மாவுக்கு வேறு கவலை. “ஆம்பளப் பிள்ளைக்கு நர்சு வேலையாய்யா?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். அதற்கும் புரோக்கரிடம் பதில் இருந்தது. ஆம்பளை நர்சுக்குத்தான் இப்போது கிராக்கி என்றார். சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசின் தேர்வுக்குழு நடத்தும் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடலாமா என்று அப்பா கேட்டதற்கு, “அதுக்குக் காத்துக் கெடந்தா இதுவும் போயிரும் அண்ணாச்சி” என்றார். அப்பா மறுநாளே பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டினார். எங்கள் வீட்டில் செய்த தப்பு அந்த ஒரு நாள் அவசரம்தான். மற்றதெல்லாம் அதன் வட்டி.

வகுப்பில் எனக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தவன் சங்கரன்கோவில்காரன். மதிப்பெண் என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும், அவ்வளவுதான். அவன் கலந்தாய்வில் போய், அதே கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்தை எடுத்துக்கொண்டு வந்தவன். அவன் கட்டிய கல்விக் கட்டணம் என்னுடையதில் ஏறக்குறைய பாதி. அதே டீச்சர், அதே சாம்பார், அதே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம். முதல் வருஷம் முழுக்க இது எனக்குத் தெரியாது. தெரிந்த அன்று அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் “சாப்ட்டியால?” என்றார்.

இனி நோட்டு. கல்விக் கட்டணம் நாலு வருஷத்துக்கு 3,00,000. இது புரோக்கர் சொன்னது. ஹாஸ்டலும் மெஸ்ஸும் 1,92,000. சேர்க்கைக் கட்டணம் என்று முதல் வருஷம் மட்டும் 25,000. யூனிபார்ம், வெள்ளை ஷூ, நொடிமுள் உள்ள வாட்ச், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும்போது தூக்கும் கம்யூனிட்டி பை எல்லாம் சேர்த்து 14,000. கிளினிக்கல் என்கிற நேரடிப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் பஸ்ஸுக்கு வருஷம் 9,000 வீதம் 36,000. பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், புத்தகம், ரெக்கார்டு, கடைசி வருஷ ப்ராஜெக்ட் 42,000. மனநலப் பிரிவு போஸ்டிங்குக்கு வெளியூரில் தங்கியது 7,500. கல்விச் சுற்றுலா 6,500, வராவிட்டாலும் கட்ட வேண்டும். கடைசியில் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு, அதற்காகச் சென்னை போய் வந்தது, நோட்டரி, ஜெராக்ஸ் 5,500. அடிக்கோடு போட்டு அப்பா எழுதியிருக்கும் கூட்டல்: 6,28,500. புத்தகத்தில் அச்சடித்திருந்த விலைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். விலை விசாரிக்கிறவர்கள் கல்விக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பஸ், ஹாஸ்டல், போஸ்டிங் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கல்விக் கட்டணம் 3,00,000-க்கு மட்டும் அரசு வங்கி ஒன்றில் கடன். 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை என்பதால் அது சுலபமாகக் கிடைத்தது. வட்டி 11 சதவீதம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் திட்டம் ஒன்று 2009-லிருந்தே இருக்கிறது. அப்பாவின் வருமானம் அதில் பாதிகூட வராது. ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு அது கிடையாது என்று வங்கியில் கைவிரித்துவிட்டார்கள். சங்கரன்கோவில்காரனுக்குக் கிடைத்தது. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் முடிந்து, 2020 செப்டம்பரில் முதல் தவணை கட்டப் போனபோது என் மூன்று லட்சம் 4,15,500 ஆகியிருந்தது. மாதத் தவணை 7,114, ஏழு வருஷம்.

படிப்பு எப்படி? படிப்பு நல்ல படிப்பு, அதைச் சொல்லியாக வேண்டும். முதல் வருஷம் ஃபவுண்டேஷன் என்கிற அடிப்படைப் பாடம் எடுத்த ஒரு மேடம், பெட் போடும்போது விரிப்பின் மூலை மடிப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உருவிப் போட்டுவிடுவார். ஏழாவது தடவை எனக்கு மடிப்பு சரியாக வந்தது. நாடியை முழு நிமிடம் எண்ண வேண்டும், பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது என்பார். துடிப்பு தாறுமாறாக ஓடுகிற நோயாளியை அந்த முழு நிமிடத்தில்தான் பிடிக்க முடியும் என்பது பிறகு புரிந்தது. இப்படி நாலு பேர் இருந்திருந்தால் ஆறு லட்சமும் போகட்டும் என்பேன். இருந்தது அவர் ஒருவர்தான், அவரும் இரண்டாம் வருஷத்தோடு சம்பளப் பாக்கி தகராறில் போய்விட்டார்.

மற்றபடி லேப்பில் ஒரு பொம்மை, அறுபது பேர். கல்லூரியின் சொந்த ஆஸ்பத்திரியில் கட்டில்கள் வரிசையாக இருக்கும், ஆள்தான் இருக்காது. இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேனில் ‘நோயாளிகள்’ வருவார்கள். ஒரு பாட்டி என்னிடம், “எனக்கு என்ன நோவுன்னு சொல்லணும் தம்பி?” என்று கேட்டாள். கற்றுக்கொண்டதெல்லாம் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில்தான்.

அங்கே பிரசவ அறை வாசலில் நாலு கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நிற்போம். மாணவர் ஒவ்வொருவரும் 20 பிரசவம் பார்த்திருக்க வேண்டும் என்று ரெக்கார்டில் கட்டம் போட்டிருக்கும். பையன்களை உள்ளே விட டியூட்டி சிஸ்டர்கள் தயங்குவார்கள், நோயாளியின் மாமியார் ஒருத்தி விளக்குமாற்றைத் தூக்கிய கதையும் உண்டு. என் ரெக்கார்டில் 20 கட்டமும் நிரம்பியிருக்கிறது. நான் கூடவே நின்றது நாலு. பட்டம் வாங்கிப் பதிவு செய்தால் நர்ஸ் என்பதோடு மருத்துவச்சி என்றும் சேர்த்தே பதிவு எண் கிடைக்கும். நான் காகிதத்தில் மருத்துவச்சி. எங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லிச் சிரித்து மாளாது.

வருமானம் பக்கம் வருவோம். 2019 நவம்பரில் மதுரையில் இருநூறு படுக்கைக்கு மேல் உள்ள ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். சம்பளம் 11,500. பி.எஃப்., இ.எஸ்.ஐ., அவர்கள் ஹாஸ்டல் வாடகை பிடித்தது போக கையில் 8,900. நைட்டில் பதினாலு நோயாளிக்கு நான் ஒருத்தன். என்னோடு அங்கேயே சேர்ந்த சங்கரன்கோவில்காரனுக்கும் 11,500-தான். என்னைவிட ஒரு வருஷம் குறைவாக டிப்ளமோ படித்து வந்த சிஸ்டருக்கு 11,000. நாலு வருஷப் பட்டத்துக்கும் மூன்று வருஷ டிப்ளமோவுக்கும் எங்கள் வார்டில் இருந்த வித்தியாசம் ஐந்நூறு ரூபாய். நீங்கள் எந்தக் கல்லூரி, எந்தக் கோட்டா, எவ்வளவு கட்டினீர்கள் என்று எந்த எச்.ஆரும் கேட்பதில்லை. பதிவு எண்ணைக் கேட்பார்கள், நைட் பார்ப்பியா என்று கேட்பார்கள். வரும் பணம் உங்கள் கையில் இல்லை. எவ்வளவு கொடுத்து உள்ளே போகிறீர்கள் என்பது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000-க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், இருநூறுக்கு மேல் படுக்கை இருந்தால் அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸுகள் தெருவில் உட்கார்ந்து போராடி, 2018-ல் தனியார் மருத்துவமனை நர்ஸுக்குக் குறைந்தபட்சம் 20,000 என்று அரசாணையே வாங்கினார்கள். நான் இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது வேலைக்குச் சேர்ந்த பிறகு, நைட் டியூட்டியில், செல்போனில். ஐந்து மணிக்கு டெம்பரேச்சர் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

சேரும்போது இரண்டு வருஷ பாண்ட் எழுதி ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தவணை 7,114, கைக்கு வருவது அப்போது பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். பதினாலாவது மாதம், 2021 ஜனவரியில், 30,000 கட்டி சர்டிபிகேட்டை மீட்டுக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன். அந்த முப்பதாயிரமும் நோட்டில் ‘மீட்பு’ என்று பற்றில் ஏறியிருக்கிறது. அப்பாவுக்கு நகை ஞாபகம் போல.

சென்னையில் 18,500. ஆறு மாதம் கழித்து, இதய ரத்தக் குழாய்க்கு ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில் ஆள் வேண்டும் என்றபோது கையைத் தூக்கினேன். ஆம்பளை நர்ஸுக்குக் கிராக்கி என்று புரோக்கர் சொன்னது முழுப் பொய் இல்லை. வார்டு வேலைக்கு வரும் விளம்பரங்களில் பெண்கள் மட்டும் என்றே இருக்கும். கேத் லேப், டயாலிசிஸ், எமர்ஜென்சி, மனநலப் பிரிவு, இங்கெல்லாம் எங்களைத் தேடுவார்கள். ஆஞ்சியோ முடிந்து தொடை ரத்தக் குழாயிலிருந்து ஷீத் என்கிற சின்னக் குழாயை உருவியதும், அந்த இடத்தில் மூன்று விரலை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பதினைந்து, இருபது நிமிடம். தும்மல் வந்தாலும் எடுக்கக் கூடாது. விரலுக்குக் கீழே ரத்தம் முட்டிக்கொண்டு நிற்பது தெரியும். முதல் வாரம் விரல் மரத்துப் போய் சோற்றைப் பிசைய முடியவில்லை. அந்த இருபது நிமிடம் நோயாளிக்கும் எனக்கும் வேறு வேலை இல்லாததால் பேச்சு கொடுப்பேன். நிலத் தகராறு, மருமகள், சீட்டு நடத்தி ஓடியவன் என்று உலகமே வரும். அதட்டிப் பேசியவர்கூட கடைசியில் “கை வலிக்குதா பிரதர்?” என்பார். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த இருபது நிமிடம் அதுதான். கல்லூரியில் இதற்கு ஒரு வகுப்பும் கிடையாது.

கேத் லேபுக்குப் போனபின் 24,000, இப்போது 33,000. ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த என் பள்ளித் தோழன் நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போதே 16,000 வாங்கினான். நான் அவனைத் தாண்டியது போன வருஷம்தான், அவனுக்குக் கடனும் இல்லை. மறுபக்கம் நியாயமும் சொல்ல வேண்டும். அவன் கம்பெனியில் ஷிப்ட் குறைத்தபோது இரண்டு மாதம் ஊரில் இருந்தான். எனக்கு 2019-க்குப் பிறகு வேலை இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததில்லை, கொரோனாவில்கூட. கொரோனாவில் முக்கியமாக.

அரசு வேலை என்று கனவு காண்கிறவர்களுக்கு. மாநிலத்தில் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுப்பார்கள், டிப்ளமோவும் பட்டமும் ஒரே தேர்வு, ஒரே வேலை. 2015-ல் அப்படி ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்குத் தொகுப்பூதியம் 7,700. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு அது 14,000 ஆகி, 18,000 ஆனது. நிரந்தரம் ஆகும்வரை காத்திருப்புதான். கொரோனாவுக்கென்று எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31-உடன் அனுப்பிவிட்டார்கள், அதில் என் வகுப்புக்காரி ஒருத்தியும் உண்டு. மத்திய அரசுப் பக்கம் எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கு நடத்தும் நார்செட் தேர்வு, அதுதான் உண்மையான பரிசு: அடிப்படைச் சம்பளமே 44,900. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30. நான் எழுதியபோது இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 ஆண்களுக்கு. இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் சங்கு.

வெளிநாடு? புரோக்கர் சொன்ன ஒரு லட்சம் உண்மைதான், ஆனால் அது பட்டத்தோடு வரும் இணைப்பு இல்லை, தனியாக வாங்க வேண்டிய பொருள். வளைகுடா என்றால் பொதுவாக இரண்டு வருஷ அனுபவம், சான்றிதழ் சரிபார்ப்பு, அந்த நாட்டு உரிமத்துக்காகக் கம்ப்யூட்டரில் எழுதும் புரோமெட்ரிக் தேர்வு. இங்கிலாந்து என்றால் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் எழுதுவதற்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7, அதன்பின் கம்ப்யூட்டர் தேர்வு, அங்கே போய் செய்முறைத் தேர்வு. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலைவரை தேற வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000-மும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது அரசு விதி. என் நண்பன் ஒருவன் இரண்டரை லட்சம் கொடுத்தான், ரசீது கேட்டதற்குச் சிரித்தார்களாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே விளம்பரம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் இப்போது ஜெர்மன் படிக்கிறேன். நைட் முடித்து வந்து காலை ஏழு மணிக்கு ஆன்லைன் வகுப்பு. மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால், பெண்பிள்ளை அஃறிணை மாதிரி ஒன்று. இதுவரை 42,000 கட்டியாயிற்று. இது இன்னும் அப்பாவின் நோட்டில் ஏறவில்லை, சொல்லவில்லை.

2025 பிப்ரவரிவரை 54 தவணை கட்டினேன். மார்ச்சில் சீட்டு எடுத்து, பாக்கி 1,85,900-ஐ ஒரேயடியாக அடைத்தேன். மூன்று லட்சம் கடனுக்கு நான் வங்கிக்குக் கொடுத்தது 5,70,056. கைக்காசாகப் போட்ட 3,28,500, சர்டிபிகேட் மீட்ட 30,000 சேர்த்தால் பட்டத்தின் அடக்க விலை 9,28,556. அப்பா பைசா சுத்தமாகக் கூட்டி வைத்திருக்கிறார். என் இடத்தில் சங்கரன்கோவில்காரனைப் போட்டுப் பார்த்தால் இதில் மூன்று லட்சத்துக்கு மேல் குறையும்.

ஆகவே என் மதிப்பெண்: தொழிலுக்கு ஐந்தில் நாலு. கல்லூரிக்கு ஒன்றரை, அதில் ஒன்று அந்த மேடத்துக்கு. மேனேஜ்மென்ட் கோட்டா விலைக்குப் பூஜ்யம். அரசுக் கல்லூரி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள், அது பட்டமானாலும் சரி, டிப்ளமோவானாலும் சரி. தனியாரில் அரசு ஒதுக்கீடு என்றால், சொந்த ஆஸ்பத்திரியில் சாதாரண நாளில் போய்க் கட்டிலை எண்ணாமல் ஆளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சேருங்கள். மேனேஜ்மென்ட் என்றால் அந்தப் பணத்துக்கு இரண்டு எருமை வாங்கலாம் என்பது என் அம்மாவின் கருத்து. எருமை விலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இந்த மே மாதம் எங்கள் தெருவுக்கு அதே புரோக்கர் வந்தாராம், இப்போது காரில். எதிர்வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். கலந்தாய்வில் போனாலே ஏதாவது கிடைக்கும், 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரமும் வரும். அவள் அப்பா அட்வான்ஸ் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது எங்கள் அப்பா போய், “ஒரு ராத்திரி பொறும், இத வாசிச்சுட்டு குடும்” என்று நீள நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தாராம். புரோக்கர் காபிகூடக் குடிக்காமல் போனதாக அம்மா சொன்னாள். நோட்டு இன்னும் எதிர்வீட்டில்தான் இருக்கிறது. பால் கணக்கு எழுத இடமில்லை என்று அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்.